வேர்க்குருவுக்குக் கட்டிய வேப்பிலை

அஞ்சாம் வகுப்போடு நின்றவர்கள் கை தூக்குங்கள் என்றால் நம் வயசுக்காரிகளில் பாதிப் பேர் தூக்குவீர்கள். ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வீர்கள். அப்பா செத்துப்போனார், மழை இல்லை, வயசுக்கு வந்துவிட்டேன் என்று. நானும் இத்தனை வருசமாக "வீட்டுச் சூழ்நிலை" என்றுதான் சொல்லிவந்தேன். அது பொய். என் படிப்பை நிறுத்தியது வேர்க்குரு.

சிரிக்காதீர்கள். முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். எவளோ ஒருத்தி மூலையில் உட்கார்ந்து புலம்புகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. திருத்தங்கல் ரோட்டில் காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் பட்டறை என்னுடையது. ஓலைக் கொட்டகையில் ஒற்றை மிஷினோடு ஆரம்பித்தேன். இன்று மாடிக் கட்டடம், நாற்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள், சீசன் நேரத்தில் வாசலில் லோடு வண்டி திரும்ப இடம் இருக்காது. போன வருசம் ஒரு கம்பெனியில் படித்த பிள்ளைகள் நாலு பேர் சரிபார்த்து அனுப்பிய தினசரித் தாளில் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தது. தைக்கப் போகிற நேரத்தில் அதைப் பிடித்தவள் இந்த அஞ்சாம் வகுப்புதான். அந்தக் கம்பெனி முதலாளி நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் அப்பா தன் கடைசிக் காலத்தில் என் பட்டறை வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும் நிறுத்தி வைத்துச் சொல்வார்: "எம் மக வெறும் அஞ்சாங்கிளாசு. அதுக்கே இம்புட்டு! பாத்துக்கிடுங்க." வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "ஏன் அஞ்சு?" என்று ஒரு நாளும் வெளியே வந்து அவரிடம் கேட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்தாயிற்று, அம்மாவும் போய்விட்டாள். இனிமேல் சொன்னால் யாருக்கும் நோகாது. எனக்கு நோகும், நொந்தால் நொந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கோடையில் எனக்குப் பத்து வயசு. ஓட்டு வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி. அப்பா அச்சாபீசில் பேப்பர் வெட்டும் மிஷினில் நின்றார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்கினாள். எனக்குக் கீழே அஞ்சு வயசில் தங்கச்சி, அவளுக்குக் கீழே ஒன்றரை வயசில் தம்பி.

தம்பியைத் தூக்குவது என் பொறுப்பு. விடிந்ததும் இடுப்பில் ஏறினான் என்றால் அம்மா வேலை முடிந்து வந்தால்தான் இறங்குவான். என் இடது பக்க இடுப்பு எலும்பில் காய்ப்பே விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் அவனோடுதான் போவேன். எங்கள் டீச்சர் வேறொருவராக இருந்தால் வெளியே நிறுத்தியிருப்பார். இவர் தன் மேஜைக்கடியில் சாக்கை விரித்து அவனைத் தூங்கவைப்பார். அவன் சிணுங்கினால் செருப்புக் காலால் சாக்கின் ஓரத்தை ஆட்டிக்கொண்டே கரும்பலகையில் கணக்குப் போடுவார். விருதுநகரில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை.

பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா பதறிப்போய்ப் பாயை உதறி விரித்தார்.

"விருதுநகர்ல விடுதியோட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. சோறு, துணி, படிப்பு எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து ஒரே ஒரு பொண்ணைக் கேட்டாங்க. நான் இவ பேரைக் குடுத்துட்டேன்" என்றார் டீச்சர்.

"நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர்" என்றார் அப்பா.

"சித்திரை ரெண்டாவது திங்கக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அன்னைக்கு அவங்க நேர்ல கேள்வி கேப்பாங்க. பிள்ளை அன்னைக்கு அங்க இருந்தே ஆகணும். இல்லைன்னா இடம் வேற ஊர்ப் பிள்ளைக்குப் போயிரும்."

"நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர்."

டீச்சர் தெருமுனையைத் தாண்டும் வரை அம்மா பொறுத்திருந்தாள். "இவ போயிட்டா இவனை யாரு தூக்கிக்கிடுவா? தீப்பெட்டி ஆபீசுல எனக்குத் தொட்டில் கட்டித் தருவாகளா?"

"பாத்துக்கிடலாம்."

"என்னத்தப் பாக்க? ஒரு சம்பளத்துல நாலு வயிறைப் பாப்பீகளா?"

"பாத்துக்கிடலாம்னு சொல்லுதேன்ல!"

அடுத்த வாரமே அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக் கொண்டுவந்தார். பச்சை நிறம், மூடியில் ரோசாப்பூ. வெயிலில் வந்ததால் பெயிண்ட் இளகி விரலில் ஒட்டியது. அந்த வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. உள்ளே வைக்க என்னிடம் ஒரே ஒரு சொத்துதான் இருந்தது, என் லேபிள் நோட்டு. அப்பா அச்சாபீசில் இருந்து கொண்டுவரும் கழிவுத் தாள்களில் வெடிப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் ஒட்டுகிற படங்கள் இருக்கும். கிளி, சேவல், ஏரோப்பிளேன், தாமரையில் நிற்கிற லட்சுமி. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதை அடுக்கித் தைத்து அதில்தான் நான் எழுதிப் பழகினேன்.

மத்தியானங்களில் தரையில் தண்ணீர் தெளித்து மூன்று பேரும் வெறும் உடம்போடு ஈரத்தில் புரளுவோம். தங்கச்சி பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான் விருதுநகர் போறேன், டிக்கெட் குடு" என்பாள். தம்பி மூடியைத் தட்டித் தாளம் போடுவான்.

"அக்கா, நீ போயிட்டா கிளிப் படம் எனக்குத்தானே?"

"தொட்டுப் பாரு, விரலை ஒடிச்சிருவேன்."

"அப்ப தம்பியை நீயே கூட்டிட்டுப் போயிரு. எனக்கு வேண்டாம். மோண்டுருவான்."

அந்த வருசம் வெயில் கொஞ்சநஞ்சமில்லை. ஓடு பகலில் குடித்த சூட்டை ராத்திரி பூராவும் கக்கும். எனக்குக் கழுத்து, முதுகு, நெஞ்சு எல்லாம் வேர்க்குரு. தம்பி ஒட்டிக்கொண்டே இருக்கும் இடுப்புப் பக்கம் சிவந்து கொப்புளம் மாதிரியே ஆகிவிட்டது. அம்மா தினமும் நுங்குத் தோலை வைத்துத் தேய்ப்பாள். சில்லென்று இறங்கும் அந்தச் சுகத்துக்காகவே இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று நினைப்பேன்.

டீச்சர் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கண்விழித்தபோது அம்மா என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் நுங்கு இல்லை. வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பங்கொத்து சொருகியிருந்தது. தரையிலும் இலை பரப்பியிருந்தது, பூவோடு.

"எந்திரிக்காத தாயி" என்றாள். அதுவரை என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"என்னம்மா?"

"முத்துப் போட்டிருக்கு. மாரியாத்தா வந்திருக்கா."

"இது வேர்க்குருல்லா? நேத்து நீதானே நுங்கு தேச்ச?"

"வாயில போடு, வாயில போடு! வந்திருக்கவ காதுல விழுந்தாக் கோவிச்சுக்கிடுவா."

நான் பயந்துபோய் விரலால் வாயில் தட்டிக்கொண்டேன்.

அம்மை கண்ட வீட்டு முறை உங்களுக்குத் தெரியாததா? மஞ்சளில் நனைத்த பழைய வேட்டியைப் போர்த்தி வேப்பிலையில் படுக்க வைத்தாள். தலை சீவக் கூடாது. வெளியாள் நிலைப்படி தாண்டக் கூடாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே அம்மனுக்கு ஆகாது. தாளிதம் இல்லாத கூழும் சின்ன வெங்காயமும்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா தெருவில் நின்றே குரல் கொடுத்தாள். "யாருக்கு தாயி?"

"மூத்தவளுக்கு."

"மகமாயி! நல்லபடியா இறங்கிரு ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இளநீர் இரண்டை வாசலில் உருட்டிவிட்டுப் போனாள். தெருவே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தது. அந்த வருசம் எங்கள் தெருவில் எனக்குத்தான் முதலில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று எனக்கு ஒரே கர்வம். பெற்ற தாயே விசிறிவிட்டுக் கும்பிடுகிறாள், வேறென்ன வேண்டும்? அம்மன் இறங்கியிருந்தாலும் தம்பி மட்டும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவனை என் பக்கத்திலேயே விட்டுவிட்டுத்தான் அம்மா தண்ணீருக்குப் போவாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள இறங்கிருமாம்மா?" என்று கேட்டேன்.

"அவ இஷ்டம் தாயி. நாம நாள் குறிக்கக் கூடாது."

நான் ரகசியமாக நாள் குறித்தேன். திங்கட்கிழமைக்குள் போய்விட்டால் என் லேபிள் நோட்டையே உண்டியலில் போட்டுவிடுகிறேன் என்று அம்மனிடம் பேரம் பேசினேன்.

திங்கட்கிழமை அப்பா வெளிச்சம் வருமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பது மணிக்கு டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது, வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோனது. ஜன்னல் வழியாகக் குடையின் மேல்பாதி தெரிந்தது.

"என்னம்மா இது?"

"பிள்ளைக்கு முத்துப் போட்டிருக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை இருந்து" என்றாள் அம்மா. அவள் தலை நிமிரவே இல்லை. பக்தி என்று நினைத்தேன்.

"டீச்சர்!" என்று கத்தினேன். "நான் நடப்பேன் டீச்சர்! பஸ்சுல கடைசில ஒதுங்கி உக்காந்துக்கிடுதேன் டீச்சர்! யாரையும் தொட மாட்டேன்!"

"வேண்டாம்மா. படுத்திரு. உசிரு இருந்தாப் படிச்சுக்கலாம். நான் அவங்ககிட்ட ஒரு வாரம் தவணை கேட்டுப் பாக்கறேன்."

அந்தச் சுடுமண்ணில் டீச்சர் செருப்பைக் கழற்றினார். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, நிலையில் தொங்கிய வேப்பிலையைக் கும்பிட்டார். பிறகு போய்விட்டார். நான் அன்று அழுத அழுகையில் மஞ்சள் வேட்டி நனைந்தது. அம்மா என் பக்கம் வரவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம். தங்கச்சியும் தம்பியும் தூங்கிவிட்டார்கள், நானும் கண்ணை மூடியிருந்தேன். அடுப்படியில் ஒரு சத்தம். பட், பட்பட்பட். கடுகு. பின்னாலேயே கறிவேப்பிலை பொரிகிற வாசம். ஆறு நாள் உப்புச்சப்பில்லாத கூழ் குடித்த வாயில் எச்சில் ஊறியது, மறு நொடியே அலறினேன்.

"அம்மா! தாளிக்கியே! ஆத்தா வந்திருக்கால்ல!"

அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுல" என்றாள்.

அவள் தலைக்குப் பின்னால் எங்கள் அடுப்படிக்குள் புகை சுருண்டுகொண்டிருந்தது. கோயில் வாசலில் செருப்பு கிடந்தால்கூடச் சாமி மனம் நோகும் என்று ஓரமாக எடுத்து வைக்கிறவள் என் அம்மா. மாரியாத்தா வீட்டுக்குள் இருந்தால் அவள் கை கடுகு டப்பாவைத் தொட்டிருக்காது. அம்மனுக்குக் காது கேட்காமல் இல்லை, அம்மனே இங்கே இல்லை. அது எனக்குப் புரிந்துபோனது. அம்மா மட்டும் செய்த காரியம், அப்பா வரட்டும், சொல்லிவிடலாம் என்று படுத்துக் கிடந்தேன். டீச்சர் கேட்ட தவணை இன்னும் இருக்கிறதே.

அப்பா பொழுது சாயும்போது வந்து அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்தார். நான் எழுந்திருக்குமுன் அம்மா பேசிவிட்டாள்.

"பிள்ளைக்குச் சந்தேகம் தட்டிருச்சு."

"சத்தம் போடாத. டீச்சர் வந்துட்டுப் போயாச்சுல்ல? ஒன்பதாம் நாள் தண்ணி ஊத்திரலாம்."

"நேராச் சொல்லிருங்கன்னு நான் தலைபாடா அடிச்சேன். நீங்கதான், டீச்சர் மூஞ்சியப் பாத்து எப்படி முடியாதும்பேன்னு ஒத்தக்கால்ல நின்னீக. சாமி விசயத்துல விளையாடலாமா? எனக்கு ஈரக்குலை நடுங்குது."

"படிச்சவுக, வீடு தேடி வந்து கேக்காக. வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

"அப்ப பெட்டி எதுக்கு வாங்குனீக?"

அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

அம்மா எனக்கு எதிராகத்தான் இருந்தாள், ஆரம்பத்தில் இருந்தே, வெளிப்படையாக. நான் நம்பியிருந்தது பெட்டி வாங்கி வந்தவரை. நம் ஆட்களுக்கு மரியாதை என்றால் இதுதான்: பெரிய மனுசர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூடாது, சாமியைக் கூட்டிவந்து சொல்லவைக்கலாம். ஒரு வார்த்தை, "தம்பியைப் பாக்க ஆள் இல்ல டீச்சர்" என்று அப்பா சொல்லியிருந்தால் டீச்சர் நாலு வழி சொல்லியிருப்பார். மேஜைக்கடியில் சாக்கு விரித்தவர்தானே? இதெல்லாம் இப்போது, நாற்பது பேருக்கு முதலாளியான பிறகு தெரிகிறது. இந்த வருசம் வர முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற பெண்ணைத்தான் நான் அடுத்த வருசமும் வேலைக்கு வைப்பேன்.

ஏன் எழுந்து வெளியே ஓடவில்லை என்று கேட்பீர்கள். அம்மன் இல்லை, பொய் என்று பத்து வயசுப் பிள்ளை தெருவில் நின்று கத்தினால், அந்தத் தெரு அப்பாவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மீதி மூன்று நாளும் எல்லாம் தெரிந்தேதான் அந்த இலையில் படுத்துக் கிடந்தேன்.

தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீர் வரை வெளியே விடவில்லை, டீச்சர் வாங்கிய தவணை அதற்குள் முடிந்தது. பச்சைப் பெட்டி அத்தை மகள் கல்யாணத்துக்குச் சீராகப் போனது. லேபிள் நோட்டை அம்மா அடுப்படி மாடத்தில் வைத்தாள். ஐப்பசி அடைமழையில் அடுப்புப் பற்றவைக்க உதவியது.

சித்திரை முடியும் சமயம் தம்பிக்கு ஒரு நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் முகம் பூராவும் நீர் கோத்த முத்து. இது நிஜம். அம்மா அவனைப் பார்த்தாள். அப்படியே தரையில் விழுந்து அந்த ஒன்றரை வயசுப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டோம் தாயே! உன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டோம். மன்னிச்சிரு ஆத்தா! மூணு பிள்ளைக்கும் முடி இறக்குதேன், இவனை விட்டுரு!"

நான் இரண்டடி தள்ளிச் செம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த மன்னிப்பு என்னைத் தாண்டித்தான் போனது. என் மேல் ஒரு துளி படவில்லை. பொய் அவர்களுடையது, அதற்கு நேர்ந்த முடியில் ஒரு தலை என்னுடையது. என் பொய் அம்மைக்கு வீட்டில் இருந்த ஒன்பது நாள் போக, அம்மை வீட்டு ஆள் என்று தீப்பெட்டி ஆபீசில் அம்மாவை இன்னும் மூன்று வாரம் உள்ளே விடவில்லை. எந்த வேலை போகக் கூடாது என்று என்னைப் படுக்கப் போட்டார்களோ அந்த வேலையே நின்றது.

தம்பி பிழைத்தான். வைகாசியில் ஆற்றங்கரை அம்மன் கோயிலில் மூன்று பேருக்கும் மொட்டை. என் முடி முழங்கை நீளம் இருக்கும். ஈர மணலில் அது விழுந்தபோது தங்கச்சிதான் எனக்காக அழுதாள். சந்தனம் பூசிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கும் பாதையில் வருகிறோம், எதிரே கறுப்புக் குடை.

அப்பா, டீச்சரைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தம்பிக்கும் முத்துப் போட்டிருச்சு டீச்சர். அதான் நேர்த்திக்கடன்."

டீச்சர் தம்பியின் கன்னத்தைத் தொட்டார். அதில் மூன்று தழும்பு, நெற்றியில் ஒன்று. "பாவம்" என்றார். பிறகு என் நாடியை ஒற்றை விரலால் நிமிர்த்தினார். முடி இல்லாத முகத்தில் ஒளித்துவைக்க இடம் ஏது? நெற்றியைப் பார்த்தார். கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னால் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு வடு இல்லை.

"உனக்கு எத்தனை நாள்மா இருந்துச்சு?"

வகுப்பில் விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்பாரே, அந்தக் குரல்.

என் மொட்டைத் தலையில் அப்பாவின் உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. அம்மா தங்கச்சி காதோரத்துச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வேர்க்குரு டீச்சர்" என்று நான் சொன்னால் போதும். இரண்டே வார்த்தை.

"ஒன்பது நாள் டீச்சர்" என்றேன்.

டீச்சர் விரலை எடுத்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்து, "இடம் வேற பிள்ளைக்குப் போயிருச்சு" என்றார்.

"இவளுக்குக் குடுத்துவைக்கல டீச்சர்" என்றார் என் அப்பா.

குடை விரிந்தது. ஆற்று மணலில் கால் புதையப் புதைய டீச்சர் நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா என் தலையில் இருந்து கையை எடுத்து ஒரு பெருமூச்சு விட்டார். நேரே சர்பத் கடைக்குப் போனார். எலுமிச்சை பிழிந்து, ஐஸ் நுணுக்கிப் போட்ட நன்னாரி சர்பத். ஒரே கிளாஸ்தான் வாங்கினார், என் கையில் கொடுத்தார். தங்கச்சி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். தம்பி அம்மா தோளில் இருந்து இரண்டு கையையும் நீட்டினான். வேறொரு நாளாக இருந்தால் முதல் வாய் அவனுக்குத்தான். அன்று நான் திரும்பி நின்றுகொண்டு, ஐஸ் பல்லில் கூசக் கூச, அடி வரைக்கும் குடித்தேன். நன்றாக இருந்தது.

"இன்னொண்ணு வாங்கட்டுமாம்மா?" என்றார் அப்பா.

வாங்குங்க என்றேன்.